மனநல ஆய்வுக்கு யார் செலவு செய்கிறார்கள், எதற்காக?

1981-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவத் துறையில் ஓர் ஆய்வு தொடங்கியது. மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) முதன்முறையாக வெளிப்பட்டுச் சிகிச்சைக்கு வந்த 90 பேரைப் பதிவு செய்துகொண்டு, அவர்களுடைய நோய் எந்தப் போக்கில் போகிறது என்று தொடர்ந்து பார்ப்பதே அதன் நோக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., சென்னை, வேலூர், லக்னோ ஆகிய மூன்று ஊர்களில் நடத்திய கூட்டாய்வின் ஒரு பகுதி அது. ஐந்தாண்டுகள் பின்தொடர்வதாகத்தான் திட்டம். ஐந்தாண்டு முடிந்த பிறகும் சென்னைக் குழுவினர் அந்த 90 பேரை விட்டுவிடவில்லை. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு அறக்கட்டளையான ஸ்கார்ஃப் நிறுவனத்தின் வழியாக, மருத்துவர் ஆர். தாராவும் அவருடன் பணியாற்றியவர்களும் பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் இருபத்தைந்தாம் ஆண்டிலும் அவர்களைத் தேடிப் போய்ப் பார்த்து, நோய் திரும்பியதா, வேலை நிலைத்ததா, திருமணம் நடந்ததா, நடந்த திருமணம் நீடித்ததா, யார் இறந்துபோனார்கள் என்பதையெல்லாம் எழுதி வைத்தார்கள்.

இப்படிப்பட்ட ஆய்வுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வீடு மாறிப் போனவரை விசாரித்துக் கண்டுபிடிக்கும் சமூகப் பணியாளரும், குடும்பத்தார் நம்பிப் பேசக்கூடிய மருத்துவரும், காகிதங்களைக் காப்பாற்றி வைக்க ஓர் அலமாரியும், இவை எல்லாவற்றையும் கால் நூற்றாண்டு தாங்கிக்கொள்ளும் ஒரு நிறுவனமும் போதும். ஆனால் ஆய்வு நல்கை, அதாவது ஓர் ஆய்வுக்கென்று தரப்படும் நிதி, உலகெங்கும் மூன்று ஆண்டுக்கோ ஐந்து ஆண்டுக்கோதான் கொடுக்கப்படுகிறது. மனச்சிதைவு நோயோ இருபது வயதில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் உடன் வருவது. ஆட்டிசமோ மூன்று வயதுக்கு முன்பே தென்பட்டு முதுமைவரை தொடர்வது. நோயின் காலக்கணக்கும் பணத்தின் காலக்கணக்கும் இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதையும், எந்தக் கேள்விக்குப் பணம் கிடைக்கும் என்பதைப் பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதே பெரும்பாலும் தீர்மானித்துவிடுவதையும் புரிந்துகொள்ளாமல், 'மனநல ஆய்வுக்கு நிதி போதவில்லை' என்று மட்டும் சொன்னால் அது பாதிக் கதைதான்.

நிதி போதவில்லை என்பதும் உண்மையே. மனநல ஆய்வுக்கு நிதியளிக்கும் அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டணி 2020-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2015 முதல் 2019 வரை உலகம் முழுவதும் மனநல ஆய்வுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 370 கோடி டாலர் செலவாகியிருக்கிறது என்று அது கணக்கிட்டது. பெரிய தொகைபோலத் தோன்றினாலும் உலக மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு அரை டாலர்தான் வருகிறது. அதில் பாதிக்கும் மேல் அடிப்படை அறிவியல் ஆய்வுக்குப் போயிற்று. உலக மக்களில் மிகப் பெரும்பாலோர் வாழும் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் செலவிடப்பட்டது வெறும் 2.4 விழுக்காடு. இந்தியாவும் அந்த 2.4-க்குள்தான் அடக்கம்.

புற்றுநோயோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். எம்.க்யூ. என்னும் பிரிட்டிஷ் மனநல ஆய்வு அறக்கட்டளை 2015-இல் வெளியிட்ட கணக்குப்படி, பிரிட்டனில் புற்றுநோய் ஆய்வுக்கு அரசு ஒரு பவுண்டு செலவிட்டால் பொதுமக்கள் தம் நன்கொடையாக 2.75 பவுண்டு தருகிறார்கள்; மனநல ஆய்வுக்கு அரசு ஒரு பவுண்டு செலவிட்டால் பொதுமக்களிடமிருந்து வருவது 0.3 பென்னி. அதாவது பவுண்டில் நூறில் ஒரு பங்கான பென்னியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

தமிழ்நாட்டில் இதைப் புரிந்துகொள்ளக் கணக்கே வேண்டாம். அடையாறு என்றதும் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை நினைவுக்கு வருகிறது. அதற்கு நன்கொடை தருவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. கீழ்ப்பாக்கம் என்றால் என்ன நினைவுக்கு வருகிறது? 1794-ஆம் ஆண்டுவரை வேர் நீளும் ஒரு மனநல நிறுவனம் இருக்கும் இடம், திரைப்பட நகைச்சுவையிலும் நண்பர்களின் கேலியிலும் வசைச்சொல்லாகவே ஆகிப்போனது. இறந்த தாயின் நினைவாகப் புற்றுநோய் நிதிக்குப் பணம் கொடுத்துப் பெயர் பொறிக்கச் சொல்பவர், மனநோயோடு வாழ்ந்து மறைந்த அண்ணனின் பெயரில் அப்படிச் செய்யத் தயங்குவார். செய்தால் வீட்டில் திருமணத்துக்கு நிற்கும் பெண்ணின் நிலை என்ன என்று உறவினர் கேட்பார்கள். நன்கொடை வராததன் காரணத்தை மக்களின் கருமித்தனத்தில் தேடக்கூடாது.

பொதுமக்கள் தரவில்லை என்றால் அரசும் பெருஞ்செல்வர்களும் மருந்தாக்க நிறுவனங்களுமே மிஞ்சுகிறார்கள். மூவரின் பணமும் மூன்று விதமானது.

அரசுப் பணத்தில் மிகப் பெரியது அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தினுடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் விளைவாக 1949-இல் அது அமைந்தது. தாமஸ் இன்செல் 2002 முதல் 2015 வரை அதன் இயக்குநராக இருந்தார். மனநோய் என்பது மூளையின் இணைப்புகளில் ஏற்படும் கோளாறு, ஆகவே மரபணுவியலிலும் நரம்பியலிலும் முதலீடு செய்தால் விடை கிடைக்கும் என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. பதவியை விட்டு விலகிய பிறகு, 2017-இல் அளித்த ஒரு பேட்டியில், தன் பதவிக்காலத்தில் சுமார் 2,000 கோடி டாலர் செலவாகியிருக்கும் என்றும், சிறந்த அறிவியலாளர்கள் சிறந்த கட்டுரைகளை எழுதினார்கள் என்றும், ஆனால் தற்கொலையைக் குறைப்பதிலோ மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைப்பதிலோ நோயாளிகள் மீண்டெழுவதிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் கொண்டுவர முடியவில்லை என்றும் அவரே ஒப்புக்கொண்டார். உலகின் மிகப் பெரிய மனநல ஆய்வு நிதியைப் பதின்மூன்று ஆண்டுகள் கையாண்டவரே இப்படிச் சொன்னது அத்துறையில் பலரை உலுக்கியது.

அந்தப் பணம் வீண் என்று முடிவு கட்டுவதும் தவறு. மனச்சிதைவு நோயோடு தொடர்புடைய மரபணுப் பகுதிகளாக 2014-இல் 108 இடங்கள் அடையாளம் காணப்பட்டன. 2022-இல் அந்த எண்ணிக்கை 287 ஆயிற்று. பல நாடுகளைச் சேர்ந்த பல்லாயிரம் நோயாளிகளின் மரபணுத் தரவை ஒன்றுசேர்த்தால்தான் இது சாத்தியம். பெருநிதி இல்லாமல் நடந்திருக்காது. 2014-இல் டெட் ஸ்டான்லி என்னும் அமெரிக்கத் தொழிலதிபர் பாஸ்டன் அருகிலுள்ள பிராட் என்னும் மரபணு ஆய்வு நிறுவனத்துக்கு இத்துறைக்கென்றே 65 கோடி டாலர் வழங்க உறுதியளித்தார். அவருடைய மகனுக்கு, மிதமிஞ்சிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோய் இருந்தது. லித்தியம் என்னும் மருந்து மகனைத் தேற்றியது. தன் மகனுக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து வந்த பணம் அது. ஆனால் 287 இடங்களும் சேர்ந்து ஒரு நோயாளியின் கைக்கு ஒரு மாத்திரையாக வந்து சேர இன்னும் எத்தனை பதிற்றாண்டுகள் ஆகும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆட்டிசத்தில் இந்தச் சாய்வு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பிரிட்டனில் ஆட்டிச ஆய்வுக்குச் செலவான பணத்தைப் பகுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று, அதில் 56 விழுக்காடு உயிரியல், மூளை, அறிதல் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்கே போவதைக் காட்டியது. அந்த அறிக்கைக்காக ஆட்டிசம் உள்ளவர்களிடமும் பெற்றோரிடமும் கேட்டபோது, அன்றாட வாழ்வில் உதவும் ஆய்வே வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். சென்னையிலோ மதுரையிலோ ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாயிடம் பேசினாலும் கேள்விகள் இவையாகவே இருக்கும்: இவன் பேசுவானா, எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும், பதினெட்டு வயதுக்குப் பிறகு பகலெல்லாம் என்ன செய்வான், எங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள். கடைசிக் கேள்வி இந்தியாவில் ஒரு சட்டத்துக்கே காரணமாயிற்று. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்காக 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்ததன் பின்னால் இருந்தது பெற்றோரின் அந்த அச்சம்தான். சட்டம் வந்தது, ஆனால் முதுமை அடைந்த ஆட்டிசம் உள்ளவர்களின் வாழ்வு எப்படி இருக்கிறது என்று ஆராயும் பணம் உலகில் எங்குமே சொற்பம்.

அமெரிக்காவில் 2006-இல் இயற்றப்பட்ட ஆட்டிச ஆய்வு நிதிச் சட்டத்தின் பெயரே 'ஆட்டிசத்தை எதிர்த்துப் போரிடும் சட்டம்' என்ற பொருளில் இருந்தது. தங்களை யாரும் போரிட்டு ஒழிக்க வேண்டியதில்லை என்று ஆட்டிசம் உள்ளவர்களே எதிர்ப்புக் குரல் எழுப்பினர். 2014-இல் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது அந்தப் பெயர் கைவிடப்பட்டது. பெயரை மாற்றுவது எளிது. நிதி ஒதுக்கீட்டின் உட்பிரிவுகள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

மூன்றாவது பணம் மருந்தாக்க நிறுவனங்களுடையது. 2010-இல் கிளாக்ஸோஸ்மித்கிளைனும் ஆஸ்ட்ராஜெனிகாவும் மனநோய்க்குப் புதிய மருந்து தேடும் ஆய்வுகளிலிருந்து பெருமளவில் பின்வாங்கின. 2018-இல் ஃபைசர் அல்சைமர், பார்கின்சன் ஆகியவற்றுக்கான தன் தொடக்கநிலை மருந்து ஆய்வை நிறுத்தியது. காரணங்கள் வணிகக் கண்ணில் நியாயமானவையே. இரத்தச் சர்க்கரைபோல அளந்து பார்க்கத்தக்க உயிரியல் அடையாளம் எதுவும் மனச்சோர்வுக்கோ மனச்சிதைவுக்கோ இல்லை. எலிக்கு மனச்சிதைவு வருமா, வந்தால் எப்படித் தெரியும் என்ற கேள்விக்குத் திருப்தியான பதிலும் இல்லை. மருந்துப் பரிசோதனைகளில் போலி மாத்திரை வாங்கியவர்களும் கணிசமாகத் தேறுவதால் உண்மையான மருந்தின் பலனைப் பிரித்துக் காட்டுவது கடினம். காப்புரிமை முடிந்த பழைய மருந்துகளோ மலிவாகக் கிடைக்கின்றன. கோடிக்கணக்கில் செலவழித்துக் கடைசிக் கட்டத்தில் தோற்றுப்போகும் வாய்ப்பு மற்றத் துறைகளைவிட அதிகம் என்றால் எந்த நிறுவனமும் வேறு பக்கம் திரும்பத்தான் செய்யும்.

அவர்கள் திரும்பி வந்த விதமும் கவனிக்கத்தக்கது. ஸனோமெலின் என்ற மூலக்கூறு 1990-களிலேயே எலை லில்லி நிறுவனத்தால் அல்சைமர் நோயாளிகளிடம் பரிசோதிக்கப்பட்டது. அது பிரமைகளைக் குறைப்பது அப்போதே தென்பட்டாலும், குமட்டல் முதலிய பக்கவிளைவுகள் தாங்க முடியாதவையாக இருந்ததால் கைவிடப்பட்டது. பின்னர் ஒரு சிறிய நிறுவனம், சிறுநீர்ப்பைக் கோளாறுக்குக் கொடுக்கப்படும் டிராஸ்பியம் என்ற பழைய மருந்தை அதோடு சேர்த்துக் கொடுத்தால் பக்கவிளைவு குறையும் என்று கண்டது. அந்த இணைப்பு மருந்துக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் மனச்சிதைவு நோய்க்கான ஒப்புதல் கிடைத்தது. பல பதிற்றாண்டுகளுக்குப் பிறகு முற்றிலும் புதிய வழியில் செயல்படும் முதல் மருந்து இதுவே. அந்தச் சிறிய நிறுவனத்தை பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப் சுமார் 1,400 கோடி டாலருக்கு வாங்கியது. உலக மனநல ஆய்வின் ஓராண்டு மொத்த நிதியைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு இது.

இதற்கு நேர்மாறான கதை லித்தியத்தினுடையது. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெறி நிலையில் இருந்த நோயாளிகளுக்கு அந்த உப்பைக் கொடுத்துப் பலன் கண்டார். இயற்கையில் கிடைக்கும் உப்புக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. விற்று இலாபம் பார்க்கவும் முடியாது. அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைக்க 1970 ஆயிற்று. நச்சுத்தன்மை பற்றிய அச்சமும் தாமதத்துக்கு ஒரு காரணம்தான். ஆனால் முன்னின்று நடத்த ஒரு நிறுவனம் இல்லாததும் சேர்ந்துகொண்டது. டெட் ஸ்டான்லியின் மகனைத் தேற்றியது இந்த மலிவான உப்பே என்பதை நினைத்துக்கொண்டால், இலாபம் இல்லாத இடத்தில் யார் ஆய்வு செய்வது என்ற கேள்வியின் கனம் புரியும்.

இனி இந்தியா. பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதாவதொரு மனநலக் கோளாறு இருந்ததாகக் கண்டது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தார்கள். 2017-இல் நாட்டில் 19.7 கோடிப் பேர், அதாவது ஏழில் ஒருவர், மனநலக் கோளாறோடு வாழ்ந்ததாக மற்றொரு மதிப்பீடு கூறுகிறது.

மத்திய அரசின் பணம் எங்கே போகிறது? 2024-25 நிதிநிலை அறிக்கையில் மனநலத்துக்கென்று நேரடியாகப் பெயர் சொல்லி ஒதுக்கப்பட்டது சுமார் 1,000 கோடி ரூபாய். அதில் 850 கோடி நிம்ஹான்ஸுக்கு. 64 கோடி அசாமின் தேஜ்பூரில் உள்ள மனநல நிறுவனத்துக்கு. 90 கோடி 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசிச் சேவைக்கு. இந்த 850 கோடியில் ஆய்வுக்கு எவ்வளவு என்பது அந்த ஒற்றை வரியிலிருந்து தெரியாது. படுக்கைகளும் மருந்தும் பேராசிரியர் சம்பளமும் மாணவர் உதவித்தொகையும் கட்டடமும் ஆய்வும் ஒரே பைக்குள் இருக்கின்றன. ஆய்வுக்கான தனி நல்கைகள் வேறு வழிகளில் வருகின்றன: ஐ.சி.எம்.ஆர்., உயிரித் தொழில்நுட்பத் துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறை என ஒவ்வொன்றும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் குழு. மொத்தமாக இந்தியா மனநல ஆய்வுக்கு எவ்வளவு செலவு செய்கிறது என்று கேட்டால் ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. எல்லா அறிவியலுக்கும் சேர்த்தே இந்தியா தன் உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடுதான் ஆய்வுக்குச் செலவிடுகிறது என்பதால், கூட்டிப் பார்த்தாலும் மகிழ்ச்சி தரும் எண்ணாக அது இருக்க முடியாது.

ஆட்டிசம், கற்றல் குறைபாடு போன்ற நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளின் நிலை இதைவிடச் சிதறலானது. பிறப்பு முதல் பதினெட்டு வயதுவரை பிள்ளைக்குக் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பது 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தின் வேலை. அது சுகாதார அமைச்சகம். அடையாள அட்டையும் உதவித்தொகையும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வருபவை. அது சமூக நீதி அமைச்சகம். பள்ளியில் கற்றல் குறைபாடு தெரிந்தால் கல்வித் துறை. சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அதுவும் சமூக நீதி அமைச்சகத்தின் கீழ்தான். ஒரே பிள்ளை மூன்று துறைகளின் கோப்புகளில் இருக்கும். அந்தப் பிள்ளையை முழுதாக ஆராயும் பொறுப்பு எந்தத் துறைக்கும் இல்லை.

அதனால்தான் இந்தியாவில் எத்தனை பிள்ளைகளுக்கு இத்தகைய குறைபாடுகள் உள்ளன என்ற அடிப்படைக் கேள்விக்கே 2018 வரை நம்பத்தக்க பதில் இல்லாமல் இருந்தது. அந்த ஆண்டு இன்க்லென் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, ஐந்து இடங்களில் இரண்டு முதல் ஒன்பது வயதுவரையிலான 3,964 பிள்ளைகளை நேரில் பரிசோதித்து, ஏறத்தாழ எட்டில் ஒரு பிள்ளைக்குப் பார்வை, செவித்திறன், வலிப்பு, பெருமூளை வாதம், பேச்சு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கவனக்குறைவு மிகையியக்கம், கற்றல் குறைபாடு என்ற ஒன்பதில் ஒன்றாவது இருப்பதாகக் கண்டது. அந்த ஆய்வுக்கு இந்தியாவின் தேசிய அறக்கட்டளை பணம் தந்தது. அதோடு அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களும் ஆட்டிசம் ஸ்பீக்ஸ் என்ற அமெரிக்க அறக்கட்டளையும் தந்தன. நம் பிள்ளைகளை எண்ணுவதற்கே வெளியூர்ப் பணம் வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த ஆய்வில் எண்ணிக்கையைவிட முக்கியமானது அதற்காக உருவாக்கப்பட்ட கருவிகள். ஆட்டிசத்தைக் கண்டறிய உலகம் பயன்படுத்தும் மேலைநாட்டு மதிப்பீட்டு முறைகள் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. பயிற்சிக்கும் தனிச் செலவு. மேலும், பிள்ளை 'கண்ணைப் பார்த்துப் பேசுகிறதா' என்ற கேள்வி, பெரியவர்களை நேருக்கு நேர் பார்ப்பதை மரியாதைக் குறைவாகக் கருதும் வீட்டில் வேறு பொருள் கொள்ளும். பிறந்தநாள் விழா நடத்தும் விளையாட்டை வைத்துப் பிள்ளையைச் சோதித்தால், அப்படி ஒரு விழாவையே காணாத கிராமத்துப் பிள்ளை தோற்றுப்போகும். இந்திய மொழிகளுக்கும் இந்திய வீடுகளுக்கும் பொருந்தும் கேள்விப் பட்டியலை எழுதி, மொழிபெயர்த்து, பல நூறு பிள்ளைகளிடம் சோதித்து, திருத்தி, மறுபடி சோதிப்பது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. முடிவில் கிடைப்பது சில பக்கக் காகிதம். நிதிக் குழுவின் முன் மூளைப்பட எந்திரத்துக்கும் இந்தச் சில பக்கக் காகிதத்துக்கும் போட்டி வந்தால் எது வெல்லும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த ஐந்து இடங்களில் ஒன்று இமாசலப் பிரதேசத்தின் காங்ரா. அங்கே 1956-இல் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் தொடங்கிய ஓர் ஆய்வை இங்கே நினைவுகூர வேண்டும். கழுத்துக் கழலை பரவலாக இருந்த அந்தப் பள்ளத்தாக்கைப் பகுதிகளாகப் பிரித்து, சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் கொடுத்து ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. அதைத் தொடர்ந்து 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. அயோடின் குறைவுதான் உலகில் தடுக்கக்கூடிய அறிவுசார் குறைபாட்டுக்கு முதன்மைக் காரணம் என்பது இன்று பாடநூல் செய்தி. கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் காக்கும் ஒரு நடவடிக்கைக்கு அடித்தளம் இட்ட ஆய்வு உப்பையும் கணக்கேட்டையும் பொறுமையையும் கொண்டு நடந்தது. அதற்கான பணத்துக்கும் அதற்கேற்ற பொறுமை இருந்தது.

இந்தியாவில் அண்மைக் காலத்தில் நடந்த நல்ல மனநல ஆய்வுகள் பலவும் வெளிநாட்டு நல்கையால் நடந்தவை. கோவாவில் 1996-இல் தொடங்கப்பட்ட சங்கத் நிறுவனமும் அதன் நிறுவனர்களுள் ஒருவரான விக்ரம் படேலும், மனநல மருத்துவர் அல்லாத உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தே மனச்சோர்வுக்கு ஆலோசனைச் சிகிச்சை வழங்க முடியும் என்று காட்டினார்கள். பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை நிதி தந்தது. காஞ்சிபுரம், சதாரா, கோவா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரைக் கொண்டு நடந்து 2014-இல் வெளியான ஆய்வுக்கும் வெல்கம் பணமே. சமூகப் பணியாளர் வீட்டுக்கே சென்று துணை நின்றால் நோயாளியின் அறிகுறிகளும் இயலாமையும் ஓரளவு குறைகின்றன என்பதே அதன் கண்டுபிடிப்பு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அதற்கு ஆட்டிசம் ஸ்பீக்ஸ். ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டுக்கு இவற்றைவிடப் பொருத்தமான ஆய்வு இருக்க முடியாது.

இந்தப் பணம் எவ்வளவு நிலையற்றது என்பது அண்மையில் மூன்று முறை தெரிந்தது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டபோது, வெளிநாட்டு நிதியை ஓர் அமைப்பு வாங்கி இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பது தடை செய்யப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. பெரிய நிறுவனம் நல்கை பெற்று, களத்தில் இருக்கும் சிறு தொண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் பல ஊர்களில் ஆய்வு நடத்தும் பழைய வழி அதோடு அடைபட்டது. 2021-இல் பிரிட்டன் தன் அயல்நாட்டு உதவியைக் குறைத்தது. அந்த உதவிக் கணக்கிலிருந்து நிதி பெற்றுவந்த ஆய்வுகளுக்கு 12 கோடி பவுண்டு பற்றாக்குறை ஏற்பட்டு, நடந்துகொண்டிருந்த திட்டங்களே வெட்டப்பட்டன. 2025 மே மாதம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தாம் பெற்ற நல்கையில் ஒரு பகுதியை வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய முறையை நிறுத்தின. இம்மூன்று முடிவுகளில் எதுவும் மனநல ஆய்வை மனத்தில் கொண்டு எடுக்கப்பட்டதன்று. வேறெதற்கோ எடுத்த முடிவால் களப்பணியாளரின் சம்பளம் நின்றுபோவதுதான் இரவல் பணத்தின் இயல்பு.

உள்நாட்டுச் செல்வர்கள் இப்போது முன்வருகிறார்கள். இன்போசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் பிரதிக்ஷா அறக்கட்டளை, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூளை ஆய்வு மையம் அமைய 225 கோடி ரூபாய் தந்தது. பின்னர் 2016-இல் உயிரித் தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து நிம்ஹான்ஸ் முதலிய பெங்களூர் நிறுவனங்களில் ஒரு திட்டத்துக்கு நிதி அளித்தது. ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோய் இருக்கும் குடும்பங்களைக் கண்டறிந்து, அவர்களுடைய உயிரணுக்களிலிருந்து குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) வளர்த்து, நோய் உள்ளவருக்கும் இல்லாத உடன்பிறப்புக்கும் நரம்பணுக்களில் என்ன வேறுபாடு என்று பார்க்கும் திட்டம் அது. 2023-இல் ரோகிணி நிலேகணி அதன் தொடர்ச்சியாக நிம்ஹான்ஸுக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கும் 100 கோடி ரூபாய் வழங்கினார். மனச்சிதைவு, இருதுருவ நோய், எண்ண சுழற்சி நோய், போதை அடிமைத்தனம், மறதி நோய் ஆகிய ஐந்தும் அதன் பொருள். இந்தியக் குடும்பங்களின் தரவு உலக மரபணு ஆய்வுகளில் மிகக் குறைவாக இருப்பதால் இது செய்யப்பட வேண்டிய வேலை, ஐயமில்லை.

ஆனால் அந்த ஐந்தில் ஆட்டிசம் இல்லை, அறிவுசார் குறைபாடு இல்லை, கற்றல் குறைபாடு இல்லை. வெல்கம் அறக்கட்டளை 2020-இல் மனநலத்தைத் தன் மூன்று பெரும் இலக்குகளில் ஒன்றாக அறிவித்தபோதும் தேர்ந்தெடுத்தவை மனச்சோர்வு, மனப்பதற்றம், உளப்பிறழ்வு ஆகியவையே. ஒவ்வோர் அறக்கட்டளையும் தன் எல்லையை வகுத்துக்கொள்ள உரிமை உடையது. எல்லாரும் ஏறத்தாழ ஒரே எல்லையை வகுக்கும்போது வெளியே நிற்பவர்களுக்கு அரசைத் தவிர வேறு வாசல் இல்லை. அரசோ 2023-இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சட்டம் மூலம் அமைத்தபோது, ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்து, அதில் 36,000 கோடி தனியாரிடமிருந்தும் பிற மூலங்களிலிருந்தும் வரும் என்று கணக்கிட்டது. தனியார் எதற்குத் தருவார்கள் என்பதை மேலே பார்த்தோம்.

ஐ.சி.எம்.ஆரும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நிதியளித்த சி-வேதா என்ற கூட்டாய்வு 2016 வாக்கில் பிள்ளைகளையும் இளைஞர்களையும் சேர்க்கத் தொடங்கியது. பெங்களூர், மைசூர், சண்டிகர், கொல்கத்தா, இம்பால், ஆந்திராவின் ரிஷிவேலி ஆகிய இடங்களில் ஆறு முதல் இருபத்து மூன்று வயதுவரை 10,000 பேரைச் சேர்ப்பது இலக்கு. மூளைப்படம், மரபணு, உணவு, உடலில் சேரும் ஈயம், ஆர்செனிக், வீட்டுச் சூழல், சிறு வயதில் பட்ட துன்பம் எல்லாவற்றையும் அளந்து, யாருக்குப் போதைப் பழக்கமும் நடத்தைக் கோளாறும் வருகின்றன, யார் தப்பிக்கிறார்கள் என்று பார்க்கும் ஆய்வு அது. அன்று ஆறு வயதில் சேர்ந்த பிள்ளைகள் இப்போது பதின்ம வயதின் நடுவில், அந்தக் கோளாறுகள் பெரும்பாலும் தலைகாட்டத் தொடங்கும் பருவத்தில், இருக்கிறார்கள். அந்த ஆய்வு முதலில் கேட்ட கேள்விகளுக்கு விடை கிடைக்கவேண்டுமானால், இனி வரும் பத்தாண்டுகளில் மீண்டும் மீண்டும் அந்த வீடுகளின் கதவைத் தட்ட யாராவது சம்பளம் கொடுத்து ஆளனுப்ப வேண்டும்.